பழந்துப்பாக்கிப் படியாக்கமும் கொங்கு நாட்டு வரலாறும்

முன்னுரை

கல்வெட்டு, செப்பேடு, காசு, இலக்கியம், அயலார் குறிப்பு என்பன வரலாற்றுக்கு மூலங்கள் என நாம் மாணவர்க்குக் கற்பித்து வருகின்றோம். பழைய கருவியும் ஒரு மூலமாம் என்பதை இன்று யாவரும் உடன்படுவர். ஆயின், கருவி அழிந்துபட்டவிடத்து அதனை முன்போலவே மீண்டும் செய்து பார்த்தலும் அறிவு தரும் ஒரு வழி என்பதை எளிதில் உடன்படுவார் சிலரே. அது பொழுதுபோக்கு என்றும், கைவினைஞர்க்கு உரியதன்றிப் புலவர்க்கு உரியதன்று என்றும் ஒதுக்கப்படுகின்றது. அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது என்பதையும், சிறப்பாகக் கொங்கு நாட்டின் இருநூறாண்டுப் பழமையுடைய போர் வரலாற்றையும் அதனோடு ஒட்டிய தமிழ்ச் சொற்களையும் விளக்க அஃது உதவும் என்பதையும் எடுத்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கப்படும் பழந்துப்பாக்கியை யாம் ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்கின்றோம்.

படியாக்கம் எனப்படுவது

மேனாடுகளில் பழந்துப்பாக்கிகளின் படிகளைச் செய்யும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெருகிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு விழா 1961 முதல் 1965 வரை கொண்டாடப்பட்டது. அவ்விழாவினை ஒட்டி எழுந்த ஆர்வம் இதற்குப் பெருந்துணையாயிற்று. குழல், விசைப்பொறி, பாதி செதுக்கிய கட்டை, பித்தளைப் பூண்கள் ஆகியவற்றை ஒரு தொகுதியாக வாங்கி, அவற்றை அரத்தாலும் உளியாலும் பொருத்தி முடிப்பது அவர்தம் முறை. தொகுதி வந்துவிட்டமையால் வேலை முடிந்தது எனல் ஆகாது. குழல் கட்டையின் பள்ளத்தில் எங்கும் இடைவெளியின்றி அமர்தல் வேண்டும். விசைப்பொறியின் மருந்துக் கிண்ணமும் குழலின் பக்கத்துள்ள துளையும் நேர்ப்படல் வேண்டும். இரும்பை வேண்டுமென்றே துருவேற்றித் தேய்த்து, மேலும் துரு ஏறாதவாறு பழுப்பு நிறம் பெறச் செய்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் கருவி வெறும் காட்சிப் பொருளாய் நின்றுவிடும்.

தொகுதியின் துணையுமின்றி முழுவதும் கையாற் செய்தாரும் உளர். வர்ஜீனியா மாநிலத்து வில்லியம்சுபர்க்கு என்னும் பழநகரில் வாலசு கசுலர் என்பார் பதினெட்டாம் நூற்றாண்டு முறையிலேயே ஒரு புரிகுழல் துப்பாக்கியைச் செய்து காட்டினார். அச்செய்முறை 1969ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வெளிவந்தது. தட்டையான இரும்புப் பாளத்தை ஒரு கம்பியின்மேல் வளைத்து, விளிம்புகளை உலையிற் காய்ச்சி அடித்துப் பொருத்திக் குழலாக்கும் வேலையை அதிற் காணலாம். நூல்களில் ஓரிரு வரியில் அடங்கும் அவ்வேலை, உலைக்களத்தில் எத்துணைப் பொறுமையையும் கைத்திறத்தையும் வேண்டுவது என்பது அதனைக் கண்டார்க்கே விளங்கும்.

இவ்வாறு பார்த்துச் செய்தல் புதுமையன்று. 1543ஆம் ஆண்டில் சப்பான் நாட்டுத் தனேகாசிமாத் தீவிற்குப் போர்த்துகீசியர் இரண்டு திரித்துப்பாக்கிகளைக் கொணர்ந்தனர். அத்தீவின் தலைவன் அவற்றை விலைக்குப் பெற்று, யைத்தா கின்பே என்னும் கொல்லனிடம் கொடுத்து அவைபோற் செய்யச் சொன்னான். குழலை அவன் செய்துவிட்டான். குழலின் அடிவாயைத் திருகாணியால் அடைக்கும் வகை மட்டும் அவனுக்குப் புலப்படவில்லை. மறு ஆண்டில் வந்த போர்த்துகீசியக் கொல்லன் ஒருவனிடமிருந்தே அதனைக் கற்றான் என்று 1606ஆம் ஆண்டில் எழுதப்பட்ட 'தெப்போகி' என்னும் நூல் கூறுகின்றது. கண்ணாற் கண்டு அறியப்படாதது கையாற் செய்யுங்கால் வெளிப்படும் என்னும் உண்மைக்கு இஃது ஒரு நல்ல சான்றாம். ஒரு நாட்டின் தொழில்நுட்பம் எந்த இடத்தில் தடைப்பட்டது என்பதை அத்திருகாணியே நமக்குச் சொல்லிவிடுகின்றது.

சொற்கள் தரும் சான்று

இனித் தமிழ்ச் சொற்களை நோக்குவாம். 'துப்பாக்கி' என்பது துருக்கி மொழியினின்றும் பிற மொழிகளின் வழியே தமிழுக்கு வந்த சொல். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் அதே எழுத்துருவம் பயில்வது கண்டு மயங்குதல் கூடாது. ஆண்டு அது 'உணவாகச் செய்து' என்னும் பொருள்பட நின்ற வினையெச்சம். 'பீரங்கி' என்பதும் 'தோட்டா' என்பதும் அயற்சொற்களே. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பயின்றார், பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையில் இத்தகைய படைத்துறைச் சொற்கள் எத்துணைத் தாராளமாகப் புழங்கின என்பதை அறிவர்.

ஆயின் கருவியின் பெயர் அயலதாயினும், அதன் உறுப்புகளையும் அதனைக் கையாளும் தொழிலையும் குறிக்கும் சொற்கள் பெரும்பாலும் தமிழே. குழல், வாய், கட்டை, குண்டு, திரி, மருந்து என்பன அவை. நெருப்புப் பற்றும் துளைக்குப் 'பற்றுவாய்' என்று பெயர். இச்சொல்லின் பொருத்தம் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தார்க்கே முழுதும் விளங்கும். குழலுக்கு வாய் இரண்டு: ஒன்று குண்டு வெளிப்படும் வாய், மற்றொன்று நெருப்பை உள்ளே பற்றவிடும் சிறுவாய். பின்னையது அடைபடின் முன்னையது பயனின்றிப் போம்.

இதனினும் சிறந்த சான்று வினைச்சொல்லில் உளது. அம்பினை எய்தல் என்கின்றோம். வேலினை எறிதல் என்கின்றோம். வாளினை வீசுதல் என்கின்றோம். துப்பாக்கிக்கு மட்டும் 'சுடுதல்' என்கின்றோம். ஏனை வினைகள் யாவும் படைக்கலத்தின் இயக்கத்தைக் குறிக்க, இது மட்டும் நெருப்பின் தொழிலைக் குறித்தது என்னை? இக்காலத் துப்பாக்கியில் விசையை இழுப்பார் நெருப்பைத் தொடுவதும் இல்லை, காண்பதும் இல்லை. எரியும் திரியை மருந்தின்மேல் வைத்துப் பற்றவைத்த காலத்தே இவ்வினை பிறந்திருத்தல் வேண்டும். தெலுங்கிலும் 'கால்ச்சு' என்னும் சொல் எரித்தற்கும் சுடுதற்கும் பொதுவாக நிற்றல் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. திரித்துப்பாக்கி வழக்கொழிந்தும் அதன் செய்கை நம் வினைச்சொல்லில் இன்றும் நிலைத்துள்ளது என்க.

எனினும், தமிழ்ச்சொல் வழங்குவது கொண்டு அப்பொருளும் தமிழரே கண்டது எனத் துணிதல் ஆகாது. திரியைக் கவ்வி நின்று மருந்தின்மேற் சாயும் உறுப்பினைக் 'குதிரை' என்பர். இந்துசுத்தானியிலும் அதற்குக் குதிரை என்னும் பொருளுடைய 'கோடா' என்னும் சொல்லே வழங்குகின்றது. எனவே சொல் தமிழாயினும் கருத்து வடக்கினின்றும் படைவீரர் வாயிலாக வந்தது எனக் கொள்ளுதலே நேரிது. வந்த கருவியைத் தம் கொல்லுலையிலும் தம் சொல்லிலும் தமிழர் எவ்வாறு ஏற்றனர் என்பதே நாம் ஆராயற்பாலது.

கொங்கு நாட்டின் பொருள்வளம்

வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு வேண்டுவன இரும்பு, மரம், வெடியுப்பு, கரி, கந்தகம், ஈயம் என்பன. இவற்றுள் முதல் நான்கும் கொங்கு நாட்டில் கிடைப்பன.

இரும்புத் தொழிலிற் கொங்கு நாடு பெற்றிருந்த பழமை யாவரும் அறிந்ததே. நொய்யற் கரையில் உள்ள கொடுமணலில் 1980களிலிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் நிகழ்த்திய அகழாய்வுகளில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்தில் மணிகளுக்குச் சிறந்ததாகப் பேசப்படும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் துணிபு. சேலத்தை அடுத்த கஞ்சமலையின் இரும்பு பிற்காலத்தும் புகழ்பெற்று விளங்கிற்று. பிரான்சிசு புக்கானன் 1800ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியின் வழியே சென்று, கருமணலை உருக்கி இரும்பெடுக்கும் நாட்டுலைகளைக் கண்டு எழுதினார். அவர்தம் பயண நூல் 1807ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. கரியால் உருக்கப்பட்ட அவ்விரும்பு மென்மையும் ஒட்டும் தன்மையும் உடையது. காய்ச்சி அடித்துப் பொருத்திக் குழல் செய்தற்கு அத்தன்மையே வேண்டுவது.

உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்தலும் இந்நாட்டில் வழங்கிய தொழிலே. மருந்தில் முக்காற் பங்கு வெடியுப்பே ஆதலின், அஃது உள்ள நாடு மருந்துக்குப் பெரும்பாலும் பிறரை எதிர்நோக்க வேண்டுவதில்லை. கந்தகமும் ஈயமும் வாணிகத்தால் வரவேண்டியவை. கொங்கு நாட்டின் மேற்கே பாலக்காட்டுக் கணவாய் மலையாளக் கடற்கரைக்கு வழி திறந்து நிற்க, வடக்கே கணவாய்கள் மைசூர் நாட்டுக்கு வழிவிட்டன. வணிகர் வந்த இவ்வழிகளிலேயே படைகளும் வந்தன. ஆதலின் மலையாளக் கரையில் வழங்கிய துப்பாக்கி வகையும், மைசூரிலும் தக்காணத்திலும் வழங்கிய வகையும் இந்நாட்டில் ஒருங்கே புழங்கியிருத்தல் கூடும் என்று யாம் கருதுகின்றோம்.

கோயிற் திருவிழாக்களில் அதிர்வேட்டுப் போடும் வழக்கத்தையும் ஈண்டு நினைதல் தகும். இரும்புக் குழலில் மருந்திட்டு இடித்துக் கெட்டித்துத் திரி வைத்தலாகிய அத்தொழில், குண்டு இல்லாத துப்பாக்கித் தொழிலே ஆகும். நாயக்கர் காலத்தையும் அதன் பின்னரையும் சார்ந்த நடுகற்கள் சிலவற்றில் துப்பாக்கி ஏந்திய வீரன் உருவம் காணப்படுதலும், இக்கருவி ஊர் வாழ்வில் ஊன்றிவிட்டமையைக் காட்டும்.

போரும் கருவியும்

கொங்கு நாடு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இடையறாத போர்க்களமாய் இருந்தது. 1783ஆம் ஆண்டில் கர்னல் புல்லார்ட்டன் கோயம்புத்தூரைக் கைப்பற்றினார். 1790இல் மெடோசு கைப்பற்றினார். 1791இல் சால்மர்சு, நாசு என்னும் இரு படைத்தலைவர் காத்து நின்ற அக்கோட்டை திப்புவின் படையால் இருமுறை முற்றுகையிடப்பட்டு வீழ்ந்தது. 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு மாண்டபின் இந்நாடு கும்பினியார் ஆட்சிக்கு உட்பட்டது. அதனை எதிர்த்தோர் 1800ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள் கோவைக் கோட்டையைத் தாக்கக் கருதினர். முயற்சி தோல்வியுற்றது, பிடிபட்டோர் பலர் தூக்கிலிடப்பட்டனர். தீரன் சின்னமலையின் எதிர்ப்பு அதன் பின்னரும் தொடர்ந்து, 1805ஆம் ஆண்டில் சங்ககிரிக் கோட்டையில் அவர் தூக்கிலிடப்பட்டதனோடு முடிந்தது. ஓடாநிலையில் அவர் பீரங்கி செய்வித்தார் என்பது மரபுவழிச் செய்தி.

சிலைகளிலும் நாடகங்களிலும் இப்போராளிகள் பெரும்பாலும் வாளேந்தியே காட்டப்படுகின்றனர். வெள்ளையர் துப்பாக்கியால் வென்றனர், நம்மவர் வாளால் தோற்றனர் என்னும் எண்ணம் இதனால் வேரூன்றியுள்ளது. பாளையக்காரர் போரில் நேரே கலந்துகொண்ட சேம்சு வெல்சு 1830ஆம் ஆண்டில் வெளியிட்ட நினைவு நூல், தென்பாண்டி நாட்டு வீரரிடம் நெடிய வேல்களோடு திரித்துப்பாக்கிகளும் இருந்தன எனத் தெரிவிக்கின்றது. ஆகவே துப்பாக்கி உடையார்க்கும் இல்லார்க்கும் நிகழ்ந்த போர் அன்று அது. சக்கிமுக்கிக் கல்லால் நெருப்பெழும் துப்பாக்கிக்கும் திரியால் நெருப்பிடும் துப்பாக்கிக்கும் நிகழ்ந்த போர் எனல் உண்மைக்கு அணித்து.

இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையைச் செயலிற் காண்டல் வேண்டும். திரித்துப்பாக்கி உடையான் மருந்தைக் குழலில் இட்டு, குண்டை இட்டு, கோலால் இடித்து, கிண்ணத்தில் நொய்ய மருந்து தூவி, கனலும் திரியைக் குதிரையில் செருகி, சாம்பல் போக ஊதி, குறி பார்த்துச் சுடுதல் வேண்டும். இத்தனையும் செய்யுங்கால் ஒரு கையில் மருந்தும் மறு கையில் நெருப்பும் இருக்கும். ஆதலின் வீரர் நெருங்கி நிற்றல் ஆகாது. ஒருவன் திரியின் பொறி அடுத்தவன் மருந்துப் பையில் விழுந்துவிடும். சக்கிமுக்கித் துப்பாக்கி உடையார் தோளோடு தோள் நெருங்கி நின்று, நொடிக்கு அஞ்சாது, நிமிடத்திற்கு மும்முறை சுடவல்லர். திரித்துப்பாக்கியாளர் ஒருமுறை சுட்டபின் மரத்தின் மறைவிலோ பாறையின் மறைவிலோ ஒதுங்கியே மீண்டும் கெட்டிக்க இயலும். நம்மவர் காட்டையும் மதிலையும் சார்ந்து போரிட்டமைக்கு வீரக் குறைவோ ஒழுங்கின்மையோ காரணம் அன்று. கருவியின் இயல்பே ஒரு காரணமாம்.

இரவின் இருளில் திரியின் கனல் தொலைவிலிருந்தே புலப்படும். மழையில் நனைந்த திரி பயன்படாது. காற்று கிண்ணத்து மருந்தை வாரிச்செல்லும். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கும் காலத்தே கோவைத் தாக்குதல் திட்டமிடப்பட்டது என்பதை நினையின், அக்காலத்துப் படைத்தலைவர் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தவை எவை என்பது நமக்கு ஒருவாறு புலனாகும். இத்தகைய வினாக்கள் ஆவணங்களைப் படிக்குங்கால் எழுவதில்லை. கருவியைக் கையிலேந்துங்கால் தாமே எழுகின்றன.

இலக்கியப் பயிற்சிக்கும் இது வேண்டும். கான்சாகிபு சண்டை, கட்டபொம்மு கதைப்பாடல் முதலியவற்றை நா. வானமாமலை பதிப்பித்து நமக்கு வழங்கினார். அவற்றைப் போன்ற கதைப்பாடல்களில் மருந்து, திரி, குதிரை, வாய் என்னும் சொற்களைக் காணும் மாணவர், மருந்தை நோய்மருந்தாகவும் குதிரையை ஊர்தியாகவும் கொண்டு தடுமாறுதல் கூடும். கருவியின் அமைப்பு அறிந்தார்க்கு அவ்விடர் இல்லை.

கருவிகள் மறைந்தமை

ஆயின் அக்கருவிகள் எங்கே? 1801ஆம் ஆண்டு திசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு ஓர் அறிவிப்பை வெளியிட்டார். தென்னாட்டுப் பாளையங்களில் மக்கள் படைக்கலம் வைத்திருத்தலும் பயன்படுத்தலும் அதனால் தடுக்கப்பட்டன, கோட்டைகள் இடிக்கப்பட்டன. பின்னர் 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் நாடு முழுவதையும் கட்டுப்படுத்தியது. அரண்மனைகளில் எஞ்சியவையும் காக்கப்படவில்லை. தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டில் கலைக்கப்பட்டுப் பெரும்பகுதி பழைய இரும்பின் விலைக்கு விற்கப்பட்டமையை வால்கவுசு என்பார் 1878ஆம் ஆண்டில் 'இந்தியன் ஆண்டிகுவரி' இதழில் வருந்தி எழுதினார். எஞ்சிய சிலவே சென்னை அரசு அருங்காட்சியகத்தை அடைந்தன. தஞ்சை மன்னர் கொட்டிலுக்கே இந்நிலை எனின், கொங்கு நாட்டு ஊர்த்தலைவர் வீட்டுப் பரணில் இருந்தவற்றின் கதி சொல்லவேண்டுவதில்லை. அவை ஏர்க்கொழுவாகவும் கடப்பாரையாகவும் மாறியிருத்தல் கூடும்.

கருவி மறையவே, அதனைச் செய்யும் அறிவும் ஒளிந்து வாழலாயிற்று. கொல்லிமலை, கல்வராயன்மலை முதலிய இடங்களில் 'நாட்டுத் துப்பாக்கி' என்னும் பெயரால் காவல்துறையினர் கைப்பற்றுவன பெரும்பாலும் வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிகளே. ஒரு காலத்தில் உலைக்களத்தின் பெருமையாய் இருந்த தொழில், இன்று வழக்குப் பதிவேட்டில் மட்டும் இடம்பெறுகின்றது.

எல்லையும் நெறியும்

படியாக்கத்தை வற்புறுத்தும் யாம், சுடவல்ல துப்பாக்கியைச் செய்யுமாறு கூறுகின்றோம் அல்லோம். 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி உரிமம் இன்றித் துப்பாக்கி செய்தல் குற்றமாகும். பயிர்க்காவலுக்கு வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வழங்க அச்சட்டம் இடந்தருகின்றதேனும், உரிமம் உரிமமே. ஆராய்ச்சிக்கு வேண்டுவது வெடிப்பன்று, அமைப்பு. இந்தியாவிற் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பப்படும் பழந்துப்பாக்கிப் படிகள் பல, பற்றுவாய் துளைக்கப்படாமலே செல்கின்றன. அச்சிறு துளை இன்மையால் அவை படைக்கலம் ஆகாது படியாகவே நிற்கின்றன. நாமோ இன்னும் ஒரு படி விலகி, குழலையே துளையிடாத திண்ணிய இரும்பாகக் கொள்ளலாம். சட்டம் அறிந்தாரைக் கலந்து தொடங்கலாம்.

பிறிதொன்று. அமெரிக்கர் தொகுதியாக விற்கும் 'கென்டக்கி' வகைத் துப்பாக்கியை வாங்கிப் பொருத்திவிட்டுக் கொங்கு வரலாற்றை அறிந்தோம் எனல் பேதைமை. அது பென்சில்வேனியாவிற் குடியேறிய செருமானியர் வளர்த்த வகை. குழலின் உள்ளே புரிவரைகள் உடையது. எண்ணெயிட்ட துணியிற் பொதிந்த குண்டை இறுக்கமாக இடித்துச் செலுத்துவது. நம் நாட்டுத் திரித்துப்பாக்கியின் குழலோ பொதுவாகப் புரியற்றது. அருங்காட்சியகத்து எஞ்சியுள்ள தென்னாட்டுத் துப்பாக்கிகளை அளந்து, அவற்றையே அளவையாகக் கொண்டு செய்தலே நெறியாகும். எவ்வுறுப்பு சான்றால் அமைந்தது, எவ்வுறுப்பு ஊகத்தால் அமைந்தது என்பதைப் படியின்மேலேயே குறித்தலும் வேண்டும். பதிப்பாசிரியன் சிதைந்த பாடத்தைப் பகர அடைப்புக்குள் இட்டுக் காட்டுவதனோடு இஃது ஒக்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பழந்துப்பாக்கியைப் படியாக்கல் விளையாட்டன்று என்பதும், சொல்லாராய்ச்சிக்கும் பாடவிளக்கத்திற்கும் போர் வரலாற்றிற்கும் அது துணைசெய்யும் என்பதும் பெறப்படும். கொங்கு நாட்டு வீரர் தம் நாட்டு இரும்பாலும் தம் நாட்டு வெடியுப்பாலும் ஆகிய கருவியொடு நின்றனர் என்னும் செய்தியை, அவர்தம் தோல்வி மறைத்துவிட்டது. பின்வந்த சட்டங்கள் அக்கருவியையே மறைத்துவிட்டன. எஞ்சியிருப்பன சில சொற்களே. உலை, துருத்தி, அரம் என்பவற்றோடு பழகிய முதிய கொல்லர் சிலரேனும் நம்மிடையே இருக்குங்காலத்து, தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் ஒருங்கு கூடி, அவரை ஆசானாகக் கொண்டு, வெடியாத ஒரு திரித்துப்பாக்கியைச் செய்து, உறுப்புதோறும் அவர் வழங்கும் பெயரை எழுதிக்கொள்ளுதல் வேண்டும். கருவியினும் விரைவிற் கரைவது சொல். அதனைத் தொகுக்கும் கடமை நம்மைச் சார்ந்ததே என்க.